யாருது இந்தக் கத்தி?

மச்சான் வீட்டு விசேஷத்துக்கு மீன் வாங்கப் போன நான், மீன் வெட்டுகிறவரைப் போலீசிடம் மாட்டிவிட்டுத் திரும்பினேன். புதுச்சேரிக்குப் போய் வந்ததைப் பற்றி எழுதித் தாயேன் என்று லண்டனில் இரண்டு மூன்று பேர் கேட்டார்கள். கடற்கரைச் சாலை, மஞ்சள் சுவர், வாசலில் தொங்கும் காகிதப்பூக் கொடி என்று எழுதித் தருவேன் என நினைத்திருப்பார்கள். அதெல்லாம் பார்த்தேன்தான். ஆனால் எழுத உட்கார்ந்தால் வெட்கம்தான் முதலில் வந்து நிற்கிறது. அதை ஒதுக்கிவிட்டு மற்றதை எழுத எனக்கு வரவில்லை.

நான் சேலத்துக்காரன். இருபது வருடமாக லண்டனில் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் கூட உதவியாளன். மனைவிக்கு ஊர் புதுச்சேரி. அவளுடைய அண்ணன் ஜெரோம் லாஸ்பேட்டையில் புதிதாக வீடு கட்டியிருந்தார். கத்தோலிக்கக் குடும்பங்களில், சாமியார் வந்து அறை அறையாகத் தீர்த்தம் தெளித்து ஜெபம் சொல்லிவிட்டுப் போனால்தான் குடியேறுவார்கள். வீடு மந்திரிப்பு என்று அதற்குப் பெயர். மனைவிக்கு விடுப்பு கிடைக்கவில்லை. அவளுக்குப் பதிலாக, வீட்டு மாப்பிள்ளை என்ற மிடுக்கோடு நான் மட்டும் போய் இறங்கினேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை காலை. பக்கத்து வீட்டு லூயி அண்ணன் கையில் நீளமான ரொட்டியோடு வந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு அந்த அரசாங்கத்தின் பென்ஷனில் வாழ்கிறவர். ஊரில் இப்படிப்பட்டவர்களைச் சொல்தா என்பார்கள். "போன்ழூர் மாப்ள" என்று எனக்கும் ஒரு வணக்கம் வைத்துவிட்டு உட்கார்ந்தார். கால்சட்டைப் பையில் கைவிட்டு, மரப்பிடி போட்ட மடக்குக் கத்தி ஒன்றை எடுத்து விரித்து, பிடியில் இருந்த வளையத்தைத் திருகி இறுக்கினார். ரொட்டியைக் குறுக்கே வகுந்து, நேற்று வைத்த மீன் குழம்பை உள்ளே தடவி நீட்டினார். ரொட்டிக்கும் பழைய மீன் குழம்புக்கும் அப்படி ஒரு பொருத்தம் இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. ஆனாலும் என் கண் கத்தியை விட்டு நகரவில்லை.

"என்னா மாப்ள, பேய பாத்த மாதிரி பாக்கற?"

"இதைப் பாக்கெட்லயே வச்சிட்டுச் சுத்துவீங்களாண்ண?"

"பதினெட்டு வயசுல இருந்து. பிரான்ஸ்ல சட்டப்படி வச்சிருக்கக் கூடாது. ஆனா கெழவன் ரொட்டி வெட்றான்னு வுட்டுடுவான். எங்க அக்கா பையன் வச்சிருந்தா வுட மாட்டான். அவன் தாடி வச்சிருக்கான், கருப்பா இருக்கான். சட்டம் என்னமோ ஒண்ணுதான்." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அவருக்கு அது பழகிப்போன விஷயம்.

எனக்கு ஏன் அப்படித் தூக்கிவாரிப் போட்டது என்று சொல்லிவிடுகிறேன். லண்டனில் மூன்று அங்குலத்துக்குள் இருக்கிற மடக்குக் கத்தியை யாரும் வைத்துக்கொள்ளலாம். விரித்ததும் பூட்டிக்கொள்கிற கத்தி என்றால் கூடாது. அதைவிடப் பெரிதென்றால் தக்க காரணம் சொல்ல வேண்டும். வேலைக்கு என்றால் சரி, மதத்துக்கு என்றால் சரி, ஸ்காட்லாந்துக்காரர் பாரம்பரிய உடையில் காலுறைக்குள் செருகிக்கொண்டால் அதுவும் சரி. காரணம் இல்லையென்றால் சிறை. எங்கள் பள்ளி வாசலில் சில நாள் காலையில் உலோகத்தைக் கண்டுபிடிக்கிற வளைவு ஒன்றை நிறுத்திப் பிள்ளைகளை அதன் வழியே நடக்கவிடுவார்கள். வார இறுதியில் கடையில் அட்டைப்பெட்டி பிரிக்கிற வேலை பார்த்த பையன் ஒருவன், பிளேடு வைத்த கட்டரைப் பையிலேயே மறந்து கொண்டுவந்துவிட்டான். போலீஸ் வந்து கூட்டிப்போனார்கள். என் மகனையே இரண்டு தடவை தெருவில் நிறுத்திச் சோதனை போட்டார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. நிறத்தைப் பார்த்துச் சோதனை போடுகிறீர்களே, இது நியாயமா என்று நான் மூன்று பக்கத்துக்குப் புகார் எழுதினேன். பதில் வந்ததோ இல்லையோ, எழுதிய பெருமையைப் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அன்று முற்பகல் வாடகை ஸ்கூட்டரில் பெரிய மார்க்கெட்டுக்குப் போனேன். போனேன் என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டேனே தவிர, ஒருவழிப் பாதைகளில் மாட்டிக்கொண்டு ஒரே மாதா கோயிலை மூன்று திசையிலிருந்தும் தரிசித்த பிறகுதான் போய்ச் சேர்ந்தேன். இளநீர்க்காரர் கையில் அரிவாள். பலாப்பழக்காரர் கையில் அதைவிடப் பெரிய அரிவாள். வாழைத்தார் கடையில் ஒருவர் வளைந்த கத்தியைத் தோளில் சாய்த்துக்கொண்டே போன் பேசினார். எங்கள் தலைமையாசிரியை பார்த்திருந்தால் அங்கேயே மயங்கி விழுந்திருப்பார். எனக்கு ஒரே குஷி. ஊர் என்றால் இதுதான் ஊர், இங்கே கத்தியைக் கத்தியாக மட்டும் பார்க்கிறார்கள் என்று மனைவிக்குப் போன் போட்டுப் பெரிய ஞானி மாதிரி பேசினேன்.

மீன் அங்காடியில் ஒரு வேடிக்கை பார்த்தேன். தலையில் கூடையோடு ஒரு பெண் விறுவிறுவென்று வந்தார். பத்தடி பின்னால் லுங்கி கட்டிய ஒரு மனிதர், கையை வீசிக்கொண்டு வெறுமனே வந்தார். பெண் கூடையை இறக்கி, ஈரச் சாக்கில் சுற்றிய ஒரு பொட்டலத்தை எடுத்து அந்த மனிதருக்கு முன்னால் இருந்த மரக்கட்டையின் மேல் வைத்தார். அவர் பிரித்தார். உள்ளே ஒரு கத்தி. கொல்லன் அடித்தது, உள்ளங்கை அகலம், பிடியில் சைக்கிள் டியூப் சுற்றியிருந்தது. உட்கார்ந்து வஞ்சிரம் ஒன்றை இழுத்துப் போட்டுத் துண்டு போட ஆரம்பித்துவிட்டார்.

நமக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. "என்னங்க, ராஜா முன்னாடி வாள் தூக்கிட்டு வர்ற மாதிரி இருக்கு? அவரோட கத்திய அவரே தூக்க மாட்டாராமா?" என்றேன்.

அந்தப் பெண் கோபித்துக்கொள்ளவில்லை. "அவரு தூக்கக் கூடாது சார். பாண்டு இருக்குது" என்றார்.

அவர் பெயர் பிலோமினா. மீன் விற்கிறவர். மனிதர் அவருடைய கணவர் சூசை. விற்கிற மீனை வெட்டிக் கொடுப்பது சூசையின் வேலை. நெல்லித்தோப்பில் வீடு. சூசையின் அப்பா மில்லில் இருந்தவர். மில் மூடிய பிறகு பிள்ளை கத்தியைப் பிடித்தார். ஒரு தேர்தல் சமயத்தில் அவர்கள் தெருவில் அடிதடி நடந்திருக்கிறது. போலீஸ் வந்து, அடித்தவர் யார், வேடிக்கை பார்த்தவர் யார் என்றெல்லாம் பார்க்காமல் தெருவில் இருந்த ஆண்பிள்ளைகள் எல்லாருடைய பெயரையும் எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். ஒரு வருடத்துக்கு எந்த வம்புக்கும் போக மாட்டேன் என்று அதிகாரி முன்னால் பாண்டு எழுதிக் கொடுக்க வேண்டும். நடுவில் ஏதாவது ஒன்றில் மாட்டினால், பாக்கி இருக்கிற மாதமெல்லாம் ஜெயில். அந்த ஆண்டு முடிந்தால் அடுத்த விசேஷத்துக்கோ தேர்தலுக்கோ மறுபடியும் கூப்பிட்டுப் புது பாண்டு வாங்குவார்கள்.

"மார்க்கெட்டுக்குள்ள இது மீன் வெட்ற கத்தி சார். ரோட்ல அவரு கையில இருந்தா வேற" என்றார் பிலோமினா. "பொம்பள கூடைய யாரும் கெளற மாட்டாங்க. மீன் நாத்தம்."

சூசை தலை நிமிராமல், "ரெண்டு தரம் புடிச்சிட்டாங்க சார், அதுக்கப்புறம் இவதான் தூக்கறா" என்றார். நாற்பது வயது இருக்கும். மெதுவாகப் பேசுகிற மனிதர்.

ஐயோ பாவமே என்று எனக்குள் பொங்கியது. லண்டனில் புகார் எழுதியவன் அல்லவா! அங்கேயே நின்று இரண்டு நிமிடம் சட்டத்தின் அநியாயத்தைப் பற்றிப் பேசினேன். போனில் தேடி, ஒன்பது அங்குல நீளத்துக்கோ இரண்டு அங்குல அகலத்துக்கோ மேலே போனால்தான் ஆயுதம், அதிலும் வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் செய்த கத்தி ஆயுதக் கணக்கிலேயே சேராது என்று படித்தும் காட்டினேன். "இத போய் போலீஸ்கிட்ட காட்டலாம் நீங்க" என்றேன். சூசை சிரித்தார். பிலோமினா ஒரு வாடிக்கையாளருக்குச் சங்கரா மீனை நிறுத்துக் கொண்டிருந்தார்.

மறுநாள் சனிக்கிழமை சாயந்திரம் மந்திரிப்பு. எழுபது எண்பது பேருக்கு மீன் சாப்பாடு. மீனைப் பிலோமினாவிடமே வாங்குவது, சூசை மச்சான் வீட்டுக்கு வந்து வெட்டிக் கொடுப்பது என்று பேசி முடித்தோம். ஒரு சிக்கல்தான். சனிக்கிழமை வியாபாரத்தை விட்டுவிட்டுப் பிலோமினாவால் கிளம்ப முடியாது. அப்படியென்றால் கத்தியை யார் லாஸ்பேட்டை வரைக்கும் கொண்டுவருவது?

"நான் எதுக்கு இருக்கேன்?" என்றேன். "வண்டி இருக்கு. கத்தி என்கிட்ட இருக்கட்டும். யாராச்சும் கேட்டா என்னுதுன்னு சொல்லிட்டுப் போறேன். என்னை யாரு என்ன பண்ணப் போறான்?"

சனிக்கிழமை காலை பதினொரு மணிவாக்கில் மீனை ஐஸ் பெட்டியில் போட்டு ஆட்டோவில் அனுப்பிவிட்டோம். பிலோமினா சாக்குப் பொட்டலத்தை எடுத்து, நீட்டிய சூசையின் கையைத் தாண்டி என்னிடம் தந்தார். "சார், உங்க கையில குடுக்கறேன். அவரு கையில குடுக்கல. பாத்துக்கங்க." அதெல்லாம் கவலையே படாதீங்க என்று தலையை ஆட்டினேன். பொட்டலத்தைக் கால் வைக்கிற இடத்தில் வைத்துக்கொண்டேன். சூசை பின்னால் உட்கார்ந்தார்.

போகப்போக ஒவ்வொரு வேகத்தடைக்கும் பொட்டலம் நழுவியது. இரண்டாவது தடவை அது தெருவில் விழப் போனபோது, "சூசை, கொஞ்சம் புடிச்சுக்கங்களேன்" என்று எடுத்துப் பின்னால் கொடுத்துவிட்டேன். அவர் தயங்கினார். "சார், வேணாம் சார்." "அட, ரெண்டு நிமிஷம்பா." வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

அந்த வாரம் ஊரில் எங்கேயோ ஒரு வெட்டுக்குத்து நடந்திருக்கிறது. ஒரு சிக்னலில் தடுப்பு போட்டு வண்டிகளை நிறுத்திக்கொண்டிருந்தார்கள். எனக்கு முன்னால் போன இரண்டு வெளிநாட்டுக்காரர்களைக் கையசைத்து அனுப்பினார்கள். என் வண்டியையும் அனுப்பத்தான் போனார்கள். பின்னால் இருந்த முகத்தைப் பார்த்ததும் ஒரு போலீஸ்காரர் பிரம்பைக் குறுக்கே நீட்டினார்.

"யாரு, சூசையா? எறங்குடா. மடியில என்னாடா?"

பொட்டலம் பிரிந்தது. வெயிலில் கத்தியைப் பார்க்க எனக்கே பயமாகத்தான் இருந்தது.

"யாருது இந்தக் கத்தி?"

சூசை என்னைப் பார்த்தார். நான் சொல்ல வேண்டிய இடம் அதுதான். ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொல்லுவேன் என்று அடித்துப் பேசிவிட்டு வந்திருக்கிறேன். ஆனால் அந்தக் கேள்வி எனக்கு லண்டன் கேள்வியாகத்தான் காதில் விழுந்தது. பாஸ்போர்ட், பள்ளி வேலை, குற்றப் பின்னணி இல்லை என்று பள்ளி ஊழியர்களுக்கு அங்கே எடுக்கிற போலீஸ் சான்றிதழ், திங்கட்கிழமை ஊர் திரும்ப வேண்டியது எல்லாம் ஒன்றாக நினைவுக்கு வந்தது. போலீஸ்காரர் என் பக்கம் திரும்பினார்.

"சார் யாரு? இவன உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான் லண்டன்ல இருந்து வந்திருக்கேன் சார்" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "தெரியாது சார். வழியில கை காட்டினான். லிஃப்ட் குடுத்தேன்."

காட்டினான் என்றேன். அதற்கு அரை நிமிடம் முன்பு வரைக்கும் அவரை வாங்க, போங்க என்று பேசிக்கொண்டு வந்தவன் நான்.

"பாத்தீங்களா சார், யாரு என்னான்னு தெரியாம ஏத்தாதீங்க. கெட்ட காலம்" என்று போலீஸ்காரர் எனக்குப் புத்தி சொன்னார். சூசை என்னைப் பார்ப்பதை நிறுத்திவிட்டார். "என்னுதுதான் சார். மீன் வெட்றதுக்கு" என்றார். "பாண்டுல இருக்கும்போது மீன் வெட்டுவியா நீ?" என்று கேட்டுக்கொண்டே ஜீப்பில் ஏற்றினார்கள். நான் ஸ்கூட்டரைக் கிளப்பினேன். முதலில் கிளம்பவில்லை. பின்னால் நின்ற பஸ் ஹாரன் அடித்துத் தீர்த்தது.

வீட்டுக்குப் போய் மச்சானிடம் சொன்னேன். அவர் பந்தல்காரரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். "அட விடு மாப்ள. இப்ப போயி நான்தான்னு சொன்னா உன் பாஸ்போர்ட்ட வாங்கி வச்சிக்குவான். சாயந்தரம் சாமியார் வராரு. நாளைக்கு பாத்துக்கலாம்." எனக்கும் அதைத்தான் யாராவது சொல்ல வேண்டியிருந்தது. தலையை ஆட்டினேன். வீட்டுப் பெண்கள் அரிவாள்மனைகளைத் தேடி எடுத்து, முணுமுணுத்துக்கொண்டே மீனை வெட்டினார்கள்.

நாலு மணிக்குப் பிலோமினா கேட்டில் வந்து நின்றார். கடையைக் கட்டிவிட்டு வந்திருக்கிறார். காலிக் கூடை இடுப்பில்.

"அவரு வேலை முடிச்சிட்டாரா சார்?"

சொன்னேன். எங்கே பிடித்தார்கள், எந்த ஸ்டேஷன் என்று வரிசையாகச் சொன்னேன். அவர் கேட்டது ஒரே கேள்வி.

"நீங்க என்னா சொன்னீங்க?"

"லிஃப்ட் குடுத்தேன்னு..."

அவர் கத்தியிருந்தால், மண்ணை வாரித் தூற்றியிருந்தால், எனக்கு அதைத் தாங்க ஒரு வழி கிடைத்திருக்கும். "என் கையில வாங்கும்போது என்னா சொன்னீங்க சார்?" என்று மட்டும் கேட்டார். பிறகு, "திங்கக்கெழம அதிகாரிகிட்ட நிறுத்திட்டாங்கன்னா ஏழு மாசம் உள்ள. அதுக்குள்ள வந்து சொல்லுங்க. இப்பவே வாங்க, நானும் வரேன்" என்றார்.

மச்சான் குறுக்கே வந்தார். "காலையில வருவாரும்மா. இன்னிக்கு விசேஷம். போ, போய் நீ ஒரு எட்டு பாரு." பிலோமினா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் வாசல் தோரணத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் போய்விட்டார்.

சாமியார் வந்தார். சமையலறையில் தீர்த்தம் தெளித்தார், படுக்கையறையில் தெளித்தார், மாடிப்படியில் தெளித்தார். என் மேலும் நாலு துளி விழுந்தது. இந்த வீட்டில் பொய்யும் வஞ்சகமும் அண்டாதிருப்பதாக என்று ஜெபம் சொன்னபோது எல்லாரோடும் சேர்ந்து நானும் ஆமென் சொன்னேன். அப்புறம் பந்தி. வஞ்சிரம் வறுவல், கொடுவாக் குழம்பு. துண்டுகள் கோணல்மாணலாக இருக்கின்றனவே என்று யாரோ குறைப்பட்டார்கள். நான் சாப்பிட்டேன். இரண்டாவது தடவை வறுவல் வந்தபோது வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மானங்கெட்ட பிழைப்பு என்று எங்கள் ஊரில் இதைத்தான் சொல்வார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் லூயி அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டினார். திட்டு பிரெஞ்சில் இருந்ததால் முழுதும் புரியவில்லை, தேவையான அளவு புரிந்தது. "சட்டைய மாட்டு, வா" என்றார்.

ஸ்டேஷன் வாசலில் வேப்பமரத்தடியில் பிலோமினா உட்கார்ந்திருந்தார். அவரை உள்ளே விடவில்லையாம். எங்களைக் கண்டதும் எழுந்தார். எங்களை யாரும் வாசலில் நிறுத்தவில்லை. சப்-இன்ஸ்பெக்டர் நாற்காலி போடச் சொன்னார், டீ வரவழைத்தார். லண்டன் என்றதும் முகம் மலர்ந்தது. அவர் மகள் அங்கே படிக்க ஆசைப்படுகிறாளாம். எந்தப் படிப்பு நல்லது, விசா எப்படி, குளிர் தாங்குமா என்று கேட்டார். நான் பொறுப்பாகப் பதில் சொன்னேன், சிரித்துக்கூடப் பேசினேன். சுவருக்கு அந்தப் பக்கம் சூசை இருந்தார். அது தெரிந்துகொண்டுதான் கம்பளிச் சட்டைகளைப் பற்றிப் பேசினேன்.

மேசையில் கொய்யாப்பழம் இருந்தது. லூயி அண்ணன் பேச்சைக் கேட்டுக்கொண்டே பையிலிருந்து மடக்குக் கத்தியை எடுத்து விரித்து, வளையத்தைத் திருகி, பழத்தை நாலாக வகுந்து ஒரு துண்டை சப்-இன்ஸ்பெக்டரிடம் நீட்டினார். அவர் வாங்கி உப்பில் தொட்டுக்கொண்டார். வேணுமென்றேதான் செய்தாரா, பழக்கத்தில் செய்தாரா என்று லூயி அண்ணனை நான் கேட்கவே இல்லை. அந்த அறையில் இருந்த நாலு போலீஸ்காரர்களில் ஒருவருக்கும் அது கத்தியாகத் தெரியவில்லை.

கடைசியில் சொன்னேன். "சார், நேத்து புடிச்ச கத்தி என்னுது. வீட்டு விசேஷத்துக்கு நான்தான் கொண்டு போனேன். சூசைய நான்தான் வேலைக்குக் கூப்பிட்டேன். பயத்துல மாத்திச் சொல்லிட்டேன்."

சப்-இன்ஸ்பெக்டர் ஏட்டைப் பார்த்தார். "லிஃப்ட்னு சொன்னது நீங்களா? உங்களைத்தான் சார் சாட்சியா போட இருந்தோம்" என்று சிரித்தார். "லண்டன்ல கத்தின்னா பெரிய கேசுல்ல, பயம் இருக்கத்தான் செய்யும். நேத்தே ஒரு வார்த்த சொல்லியிருந்தா அங்கயே அனுப்பியிருப்பாங்களே சார்."

"தொழிலுக்கு உள்ள கத்தி ஆயுதம் இல்லன்னு சட்டத்துலயே..." என்று நான் இழுத்தேன்.

"அது எனக்குத் தெரியாதா சார்? கத்தி மேல ஒண்ணும் இல்ல. ஆளு மேல பாண்டு இருக்கு. நீங்க உங்களுதுன்னு சொல்லிட்டீங்க, விஷயம் முடிஞ்சுது." எழுந்து, "ஏம்பா, அவன அனுப்பு" என்றார்.

சூசை வந்தார். வலது கை மணிக்கட்டிலிருந்து விரல் வரைக்கும் துணிக்கட்டு. கட்டுக்கு வெளியே தெரிந்த விரல்கள் வீங்கிப் பளபளத்தன. நான் கையையே பார்ப்பதைக் கவனித்த ஏட்டு, கேட்காமலேயே சொன்னார். "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டான் சார்."

லூயி அண்ணன்தான், "எந்த பாத்ரூம்? காட்டுங்க, நானும் வழுக்கறனா பாக்கறேன்" என்றார். அறையில் இருந்த சிரிப்பு நின்றது. சப்-இன்ஸ்பெக்டர் முகம் மாறியது. "கூட்டிட்டுப் போங்க சார்" என்றார். கத்தியைச் செய்தித்தாளில் சுற்றி என்னிடம் நீட்டினார்கள். "உங்க பொருளு சார், பாத்துக்கங்க."

வெளியே வந்தோம். பிலோமினா ஓடி வந்து முதலில் முகத்தைப் பார்த்தார், அப்புறம் கையைப் பார்த்தார். "இந்தக் கையா?" என்று கேட்டார். சூசை ஆமாம் என்று தலையசைத்தார். அவருக்கு அந்தக் கைதான் தொழில். லூயி அண்ணன் தெரிந்த டாக்டரைப் பிடித்துக் கையை எக்ஸ்ரே எடுக்க ஏற்பாடு செய்கிறேன், வீட்டுக்கு அழைத்துவருகிறேன் என்று வண்டியில் கிளம்பினார். நான் கத்தியைப் பிலோமினாவிடம் நீட்டினேன்.

"அவரப் புடிச்சிக்கவே எனக்கு ரெண்டு கையும் வேணும்" என்றார். "நீங்களே எடுத்துட்டு வாங்க."

சூசை வீடு பக்கம்தான். அவர்கள் இருவரும் முன்னால் நடந்தார்கள். சூசைக்குக் காலும் சரியில்லை, தாங்கித் தாங்கி நடந்தார். நான் பின்னால் போனேன். செய்தித்தாள் போதாமல் கத்தியின் நுனி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. தெருவில் எல்லாரும் பார்க்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. உண்மையில் ஒருவரும் பார்க்கவில்லை. மாதா கோயிலிலிருந்து திரும்புகிற கூட்டம், கையில் கறிப் பை, பிள்ளைகள் கையில் பன். மன்னிச்சுக்கங்க என்று சொல்ல இரண்டு தடவை வாயெடுத்தேன். சொல்லி அவர்கள் என்ன செய்வது? கையை ஆற்றுமா அந்த வார்த்தை?

சிக்னலில் இன்னும் தடுப்பு இருந்தது. அதே போலீஸ்காரர்.

"என்னடா, வுட்டுட்டாங்களா?" என்று சூசையை நிறுத்தினார். கையைத் தூக்கச் சொன்னார். ஒரு கையைத்தான் தூக்க முடிந்தது. சட்டைப் பையைத் தட்டினார், இடுப்பைத் தடவினார், லுங்கி மடிப்பை உதறச் சொன்னார். பிலோமினா ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இதெல்லாம் முடிந்த பிறகுதான் அவருக்குப் பின்னால் நின்ற நான் கண்ணில் பட்டேன்.

"குட் மார்னிங் சார். அது என்னா கையில?"

"கத்தி."

"யாருது?"

"என்னுது."

"சரி சார், போங்க. காகிதம் கிழிஞ்சிருக்கு பாருங்க, கையில குத்திடப் போவுது."

தடுப்பைத் தாண்டினோம். பிலோமினா நின்று, அன்று காலையிலிருந்து முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார்.

"இவ்ளோதான் சார்" என்றார். "இதத்தான் நேத்து சொல்லச் சொன்னேன்."